நாணொலி: யாரும் கத்தாத ஒரு விளையாட்டு அனிமேயும், அதற்குப் பின்னால் உள்ள வில்லின் கதையும்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

விளையாட்டு அனிமே என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

தொண்டை கிழியக் கத்தும் ஹீரோ. கண்ணில் நெருப்பு. கடைசி நொடியில் ஒரு கோல். அதைப் பார்த்து வாயைப் பிளக்கும் எதிரணி. அப்படித்தானே?

இது எதுவும் இல்லாத ஒரு தொடர் இருக்கிறது. மைதானத்துக்குள் வரும்போது தலை வணங்குகிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள். வில்லை உயர்த்துகிறார்கள். இழுக்கிறார்கள். காத்திருக்கிறார்கள். விடுகிறார்கள். ஒரு சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

பெயர் "ட்சுருனே". 2018 அக்டோபரில் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் தொடங்கியது. தயாரிப்பு கியோட்டோ அனிமேஷன். இயக்கம் தகுயா யமமுரா. மூலம் கோதோகோ அயானோ எழுதிய நாவல்.

இரவுப் பணி முடிந்து வந்தும் தூக்கம் வராத காலைகளில் நான் பார்க்கும் தொடர் இது. "இவ்ளோ மெதுவா போற தொடரை எப்படி சார் பார்க்கறீங்க?" என்று கேட்ட நண்பர்களுக்காகவே இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் பெயரைப் பார்ப்போம்.

ஜப்பானிய மொழியில் "ட்சுரு" என்றால் வில்லின் நாண். "நே" என்றால் ஒலி. நமக்கு இதை விளக்க ஒரு வாக்கியமே வேண்டாம். தமிழில் அச்சாக அதே சொல் இருக்கிறது: நாணொலி.

அம்பு விடுபட்டதும் நாண் திரும்பி வந்து வில்லின் மேல்முனையில் மோதும்போது எழுகிற ஒலி அது. சிறுவயதில் கேட்ட ஒரு நாணொலியில் மயங்கித்தான் கதாநாயகன் மினாடோ நருமியா வில்லைக் கையில் எடுக்கிறான்.

இந்த ஒலிக்கு ஜப்பானில் ஆயிரம் ஆண்டுக் கதை உண்டு. அதிலும் நம்ம துறை சம்பந்தப்பட்ட கதை.

அம்பு இல்லாமல், வெறும் நாணை மட்டும் சுண்டி ஒலி எழுப்புவதற்கு "மெய்கென்" என்று பெயர். நோயையும் தீய ஆவிகளையும் அந்த ஒலி விரட்டும் என்று நம்பினார்கள். 1008இல் பேரரசிக்கு ஆண் குழந்தை பிறந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று நாணைச் சுண்டியதை, அரண்மனையில் பணிபுரிந்த எழுத்தாளர் முராசாகி ஷிகிபு தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்.

கிருமி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலம். பிரசவத்தில் தாயோ சேயோ இறந்துபோவது அன்றாடச் செய்தி. லேபர் வார்டு வாசலில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் புரியும். கையில் மருந்து இல்லாதவர்கள் கையில் இருந்த வில்லை எடுத்துச் சுண்டியிருக்கிறார்கள்.

இந்தச் சடங்கு இன்றும் அழியவில்லை. 2006இல் இளவரசர் ஹிசஹிதோ பிறந்தபோதும் செய்தார்கள்.

சரி, இப்போது வில்லுக்கு வருவோம்.

ஜப்பானிய வில்லைப் பார்த்ததும் ஒரு விஷயம் உறுத்தும். பிடி நடுவில் இருக்காது. ஏறத்தாழ 221 செ.மீ. உயரமுள்ள வில்லில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடி இருக்கும். மேல்பகுதி நீளம், கீழ்பகுதி குட்டை.

இது நேற்று வந்த வடிவமும் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சீன வரலாற்று நூல் ஒன்றே, அந்தத் தீவுவாசிகளின் வில் கீழே குட்டையாகவும் மேலே நீளமாகவும் இருக்கும் என்று குறிப்பிடுகிறது. எதற்காக அப்படி? குதிரை மேலிருந்து எய்ய வசதி என்கிறார்கள் சிலர். பிடிக்கிற இடத்தில் அதிர்வு குறையும் என்கிறார்கள் சிலர்.

சாமுராய் என்றதும் நம் கண்ணில் வாள்தான் வரும். ஆனால் ஆரம்ப காலத்தில் போர்வீரனின் வாழ்க்கை நெறிக்கு இருந்த பெயரே "வில்லும் குதிரையும் ஆகிய வழி". வாள் பிற்பாடுதான் அந்த இடத்தைப் பிடித்தது.

1185 யாஷிமா போர். எதிரிகளின் படகில் கம்பத்தில் கட்டி ஆட்டிய ஒரு விசிறியை, கடலுக்குள் குதிரையை இறக்கி ஒரே அம்பில் வீழ்த்தினான் நாசு நோ யோயிச்சி என்ற இளைஞன். இரு தரப்பும் கைதட்டியது என்கிறது காவியம். நமக்கு அர்ஜுனன் மாதிரி அவர்களுக்கு யோயிச்சி.

பிறகு 1543 வந்தது.

தனேகஷிமா தீவில் கரையேறிய போர்ச்சுகீசியர்களின் கையில் துப்பாக்கி இருந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஜப்பானியக் கொல்லர்கள் அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1575 நாகஷினோ போரில் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிப் படை என்ன செய்தது என்பது உலகறிந்த கதை.

வில்லின் போர்க்கால வாழ்க்கை மெல்ல முடிவுக்கு வந்தது.

கவனிக்க வேண்டிய இடம் இது. பல நாடுகளில் இந்தக் கட்டத்தில் வில் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஜப்பானில் போகவில்லை. ஒவ்வொரு காலமும் அதற்கு ஒரு புது வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அந்த வேலைகள் எல்லாமே அமைதியானவை என்று நினைத்துவிடாதீர்கள்.

கியோட்டோவில் சஞ்சூசன்கென்டோ என்றொரு கோயில். ஆயிரத்தொரு கன்னோன் சிலைகள் நிற்கும் நீண்ட மண்டபம். அதன் வெளித்தாழ்வாரம் சுமார் 120 மீட்டர். எடோ காலத்தில் அங்கே ஒரு போட்டி நடந்தது. தாழ்வாரத்தின் ஒரு முனையில் உட்கார்ந்து, தாழ்ந்த கூரையிலும் தூண்களிலும் படாமல், மறுமுனையைத் தாண்டும்படி அம்பு எய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் எத்தனை?

1669இல் ஓவாரி பகுதியின் ஹோஷினோ கன்சாயெமோன் 10,542 அம்புகள் எய்து 8,000ஐத் தாண்ட வைத்தார்.

1686இல் கிஷூ பகுதியின் வாசா தாய்ஹச்சிரோ, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், 13,053 அம்புகள் எய்தார். 8,133 தாண்டின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு 86,400 நொடிகள். இடைவெளியே விடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 6.6 நொடிக்கு ஒரு அம்பு!

நடுவில் வாசாவின் கை வீங்கி ஓய்ந்துபோனதாகவும், யாருடைய சாதனையை அவர் முறியடிக்க வந்தாரோ அதே ஹோஷினோ வந்து, கத்தியால் கீறிக் கட்டிய ரத்தத்தை வெளியேற்றி, "இப்போது எய்" என்று சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதைதான். ஒரு மருத்துவராக அந்தச் சிகிச்சையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் போட்டியாளரைப் பற்றி இப்படி ஒரு கதையை ஒரு சமூகம் சொல்லி வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

விஷயம் என்னவென்றால், இதில் தியானமும் இல்லை, அமைதியும் இல்லை. இரண்டு பிரபுக்களின் மானப் பிரச்சினையில் இளைஞர்களின் தோள்பட்டை தேய்ந்தது. அவ்வளவுதான். சடங்கு முறையில் நிதானமாக எய்யும் மரபும் இன்னொரு பக்கம் இருந்தது. ஆனால் "ஜப்பானிய வில்வித்தை என்றாலே ஆதிகாலத்திலிருந்து ஆழ்ந்த அமைதி" என்பது வரலாறு இல்லை.

அப்படியானால் அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

1868க்குப் பிறகு சாமுராய் வகுப்பே கலைந்துபோனது. வில்லுக்குச் சோறு போட ஆள் இல்லை. அப்போது ஹோண்டா தோஷிசானே என்பவர் போர்முறையையும் சடங்குமுறையையும் கலந்து ஒரு பாணியை உருவாக்கி, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். வில் பாசறையிலிருந்து கல்விக்கூடத்துக்கு இடம் மாறியது.

1924இல் ஆய்கன் ஹெரிகல் என்ற ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் செந்தாய் நகரத்துக்கு வேலைக்கு வந்தார். அவா கென்ஸோ என்ற ஆசானிடம் வில் கற்றார். ஊர் திரும்பி, 1948இல், வில்வித்தையையும் ஜென்னையும் இணைத்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் விற்றது. ஜப்பானிய வில் என்றாலே ஜென் என்ற எண்ணம் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு.

பல ஆண்டுகள் கழித்து யமதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் அதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். அவா ஜென் பயிற்சி பெற்றவரே இல்லை, ஆசானின் பேச்சு மொழிபெயர்ப்பில் திரிந்திருக்கலாம் என்று வாதிட்டார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமைதியைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதிய ஹெரிகல் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்.

ஜப்பானிலும் அதே காலத்தில் வேறு மாதிரி நடக்கவில்லை. 1895இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட தற்காப்புக் கலைகளுக்கான பெரிய சங்கம், 1942இல் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் போனது. கலைகள் எல்லாம் போருக்கு ஆள் தயாரிக்கும் கருவிகள் ஆயின.

நிமிர்ந்த முதுகும் சீரான மூச்சும் ஒருவரை நல்லவராக்கிவிடாது. அந்த நிதானத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது தனிக் கேள்வி.

1945இல் ஜப்பான் தோற்றது. நேச நாட்டுப் படைகள் தற்காப்புக் கலைகளுக்குத் தடை போட்டன. 1946இல் அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது.

வில்லாளிகளுக்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி. போருக்கு வேண்டாம். பிரபுவின் மானத்துக்கு வேண்டாம். நாட்டுவெறிக்கும் வேண்டாம். அப்புறம் எதுக்குங்க வில்லு?

1949இல் அனைத்து ஜப்பான் க்யூடோ கூட்டமைப்பு உருவானது. 1953இல் பல பள்ளிகளின் முறைகளையும் ஒழுங்குபடுத்தி ஒரு பொதுக் கையேடு வெளியிட்டார்கள். எய்வதை 8 படிகளாகப் பிரித்தார்கள்.

காலை ஊன்றுவது. உடலை நிலைநிறுத்துவது. வில்லைத் தயார் செய்வது. உயர்த்துவது. இழுப்பது. முழுதாக இழுத்து நிற்பது. விடுவது. விட்ட பிறகும் அப்படியே நிற்பது.

இலக்கு 28 மீட்டர் தூரத்தில். விட்டம் 36 செ.மீ. நடுவில் பட்டால் கூடுதல் மதிப்பெண் என்ற பேச்சே இல்லை. பட்டது, படவில்லை. அவ்வளவே கணக்கு.

1950களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்குள் க்யூடோ திரும்பி வந்தது. "ட்சுருனே" காட்டும் பள்ளி வில் மன்றம் இந்த வழியில் வந்ததுதான்.

அந்த 8 படிகளில் ஆறாவதுக்கு "காய்" என்று பெயர். முழுதாக இழுத்து, விடாமல் நிற்கும் நிலை. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே எதுவுமே நடக்கவில்லை. உள்ளே எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

மினாடோவின் பிரச்சினையும் அங்கேதான்.

அவனால் "காய்" நிலையில் நிற்க முடியவில்லை. முழுதாக இழுத்து முடிப்பதற்குள் கை தானாக விட்டுவிடுகிறது. நடுநிலைப் பள்ளியின் கடைசிப் போட்டியில் அப்படி ஆகி, வில்லையே தூக்கிப் போட்டுவிட்டு வந்தவன் அவன்.

ஜப்பானியர்கள் இதை "ஹயாகே" என்கிறார்கள். மேற்கத்திய வில்லாளிகளிடமும் இது உண்டு. அவர்கள் சொல்வது "டார்கெட் பேனிக்". கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கை கடைசி நொடியில் வெட்டி இழுத்தால் அதற்கு "யிப்ஸ்" என்று பெயர்.

இனி கொஞ்சம் மருத்துவம் பேசலாமா?

ஒரு வேலையைப் பல்லாயிரம் முறை செய்த கை, அந்த ஒரு வேலையில் மட்டும் பேச்சுக் கேட்காமல் போவது மருத்துவத்தில் உள்ள விஷயம்தான். எழுதும்போது மட்டும் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். அதே கையால் சாப்பிடலாம், சட்டைப் பொத்தான் போடலாம், ஒரு தொல்லையும் இருக்காது. வாத்தியக் கலைஞர்களுக்கும் இப்படி வரும். "ஃபோக்கல் டிஸ்டோனியா" என்கிறோம்.

விளையாட்டு வீரர்களிடம் வருவதில் சிலருக்கு இந்த வகை நரம்பியல் கோளாறு, சிலருக்குப் பதற்றம், சிலருக்கு இரண்டும் கலந்தது என்று பார்க்கிறார்கள்.

இதில் பெரிய வேதனை என்ன தெரியுமா? வெளியே ஒன்றுமே தெரியாது. எக்ஸ்ரேயில் வராது. ரத்தப் பரிசோதனையில் வராது. "எல்லாம் நார்மல்" என்று தாளைக் கையில் கொடுத்தால், வீட்டில் என்ன சொல்வார்கள்? "நடிக்கிறான்." "மனசு வச்சா முடியும்." "சோம்பேறி."

ஓ.பி.யில் இந்த மூன்று வாக்கியங்களையும், நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்ட மருத்துவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

வழக்கமான விளையாட்டுக் கதையாக இருந்தால் இங்கே என்ன நடக்கும்? பயிற்சியாளர் திட்டுவார். மழையில் ஓட வைப்பார். ஹீரோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே காட்சியில் குணமாகிவிடுவான்.

"ட்சுருனே" அப்படிச் செய்யவில்லை.

காட்டுக்குள் இருக்கும் ஒரு வில் கூடத்தில், இரவில், மசாகி தகிகாவா என்ற இளைஞர் தனியாக எய்வதை மினாடோ பார்க்கிறான். அவருக்கும் ஒரு காலத்தில் ஹயாகே இருந்தது. அதிலிருந்து மீண்டு வந்தவர். அவர்தான் பிற்பாடு பள்ளி அணிக்குப் பயிற்சியாளர் ஆகிறார்.

அவர் மினாடோவைத் திட்டுவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. அவன் பிரச்சினை உண்மையானது என்பதை ஏற்றுக்கொள்கிறார். அங்கிருந்து, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றம் வருகிறது. நடுவில் சறுக்கலும் வருகிறது. மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேகம் பழக்கமானது. நிஜத்தில் ஆள் தேறுவது இப்படித்தான்.

அடுத்த பகுதி கொஞ்சம் கனமானது.

2019 ஜூலை 18 காலை. கியோட்டோ அனிமேஷனின் முதல் ஸ்டூடியோவுக்குள் ஒருவர் பெட்ரோலோடு நுழைந்து தீ வைத்தார். 36 பேர் இறந்தார்கள். 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த நிறுவனம் நடத்திய கதைப் போட்டிக்குத் தான் அனுப்பிய கதையைத் திருடிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எந்தெந்தப் படைப்புகளில் என்று விசாரணையில் கேட்டபோது, அவர் சொன்னவற்றில் "ட்சுருனே"யும் ஒன்று. மாணவர்கள் தள்ளுபடி விலையில் இறைச்சி வாங்கும் ஒரு சின்னக் காட்சி!

அது வெறும் மனப்பிரமை, திருட்டு எதுவும் இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் செய்தது என்ன என்று தெரியும் நிலையில்தான் அவர் இருந்தார் என்று முடிவு செய்து, 2024 ஜனவரியில் மரண தண்டனை விதித்தது.

அவர் உடலில் 90 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம் இருந்தது. 90 சதவீதம் என்றால் என்ன என்பது தீக்காய வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் நாங்கள் குடும்பத்தாரைத் தனியாக அழைத்துப் பேசும் எண் அது. ஜப்பானிய மருத்துவர்கள் அவரை மாதக்கணக்கில் போராடிப் பிழைக்க வைத்தார்கள். அவர் நீதிமன்றத்துக்கு வந்ததும், இறந்தவர்களின் குடும்பங்கள் அவரை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்ததும் அதனால்தான்.

அந்த மருத்துவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு "காய்" நிலைதான் ஞாபகம் வரும். உள்ளே எவ்வளவு கொதித்தாலும் கையை அசையாமல் வைத்திருப்பது.

நிறுவனம் என்ன செய்தது?

மீண்டும் உட்கார்ந்து வரைந்தார்கள். 2022 ஆகஸ்டில் "ட்சுருனே" திரைப்படம் வந்தது. 2023 ஜனவரியில் இரண்டாம் பருவம் வந்தது. அதே இயக்குநர்.

அந்த இரண்டாம் பருவத்தில் கோபம் தெரியும், பழிவாங்கும் கதை இருக்கும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அது 5 மாணவர்கள் ஒரே அணியாக, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு எய்யக் கற்பதைப் பற்றிய கதை. முதல் ஆள் எய்த நாணொலியைக் கேட்டு, அந்தத் தாளத்தை அடுத்தவன் வாங்கிக்கொள்வது. தலைப்பே இணைக்கும் அம்பைப் பற்றியது.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், அந்த மெதுவான நடையும் நீண்ட மூச்சும் வேறு மாதிரித் தெரியும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த அமைதி ஏன் நம்மை ஈர்க்கிறது?

இதைப் பார்த்தால் பிபி குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அனிமே பார்த்தேன் என்று யாரும் வந்து நிற்க வேண்டாம், தயவுசெய்து! மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றே குறையும் என்பது உடலியல் பாடம். நீளமாக இழுத்து நிற்கும் காட்சியில் நாமும் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்து, நாணொலி கேட்டதும் விடுகிறோம். கவனித்துப் பாருங்கள்.

ஆனால் என் பதில் வரலாற்றில் இருக்கிறது.

இந்த அமைதி இயற்கையாகக் கிடைத்ததில்லை. கொல்லச் செய்த கருவி. அதைப் போருக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். கௌரவத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வெறிக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். எல்லாம் தோற்று, தடையும் வாங்கிய பிறகு, மிச்சம் இருந்ததை வைத்து மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து இந்த அமைதியை உருவாக்கினார்கள். நெருப்புக்குப் பிறகு ஒரு நிறுவனம் அதையே இன்னொரு முறை செய்தது.

பிறக்கும்போதே அமைதியான சுபாவம் வாய்த்தவர்கள் சிலர் இருக்கலாம். மற்றவர்கள் எல்லாம் அதை நாள்தோறும் செய்துகொள்ள வேண்டியவர்கள்தான். அதனால்தான் இது என்னை மாதிரி ஆட்களுக்கும் பிடிக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் இளையவர்களுக்கு. நன்றாகப் படித்தும் தேர்வு அறையில் கை நடுங்குகிறதா? வருடக்கணக்கில் வாசித்த வாத்தியத்தில் விரல் திடீரென மக்கர் செய்கிறதா? அது சோம்பேறித்தனம் இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மனநலப் பிரிவும் இருக்கிறது, நரம்பியல் பிரிவுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. சீட்டு எழுதும் இடத்தில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பெற்றோர்களுக்கு: பிள்ளை "முடியலை" என்று சொன்னால், "மனசு வச்சா முடியும்" என்று உடனே விடாதீர்கள். அந்த வாக்கியத்தை இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதுவும் ஒரு "காய்" தான்.

ட்சுருனே பார்ப்பவர்கள் நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். ஒவ்வொருவருடைய நாணொலியும் வேறு வேறு.